பின்னாலேயே வந்த கலயம்

அப்பா இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. வீட்டில் யாராவது அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து மாட்டுத்தொழுவுக்குப் போய்விடுகிறேன். அப்பா என்றதும் எனக்கு வயலும் வரப்பும் ஞாபகத்துக்கு வருவதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு கடல் தண்ணீரில், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அப்பாதான் வருகிறார். அப்போது எனக்கு எட்டு வயது. நான் கடலை முதன்முதலாகப் பார்த்த நாள் அது. சித்தப்பாவைக் கடலில் விடப் போன நாளும் அதுதான்.

எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம். வாசலில் நின்று கூப்பிட்டால் ஆற்றில் குளிக்கிறவருக்குக் கேட்கும். அதனால் எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஓடுவதுதான். மேற்கே இருந்து வரும், கிழக்கே போகும். கையில் இருப்பதை நழுவவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடும், திருப்பித் தராது. என் பாவாடை ஒன்று, அத்தையின் பித்தளைச் செம்பு ஒன்று எல்லாம் அப்படிப் போயிருக்கின்றன.

இறந்தவர்களையும் அந்த ஆறுதான் கொண்டுபோகும். எலும்பையும் சாம்பலையும் ஒரு மண் கலயத்தில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் இறுகக் கட்டி, தண்ணீரில் மிதக்க விடுவது எங்கள் வழக்கம். விட்டதும் திரும்பிப் பார்க்காமல் கரையேறிவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் போகிறவருக்குப் போக மனம் வராது என்பார்கள். கலயம் எங்கே போகிறது, எங்கே முங்குகிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஆறு பார்த்துக்கொள்ளும்.

சித்தப்பா அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது இளையவர். அப்பாதான் அவரைத் தோளில் போட்டு வளர்த்தாராம். ஆனால் சித்தப்பாவுக்குச் சேற்றில் இறங்கப் பிடிக்காது. தூத்துக்குடிக்கு ஓடிப்போய், புதுத் துறைமுகத்துக்குக் கல் கொண்டுபோகும் லாரியில் கிளீனராகச் சேர்ந்துகொண்டார். மாதம் இரண்டு முறை வருவார். சட்டையில் உப்பு பூத்திருக்கும். வந்ததும் முதல் வேலையாக என்னிடம் ஒரு பொய் சொல்லுவார்.

"ஏளா, நாங்க அங்கன என்ன வேல பாக்கோம் தெரியுமா? கடல மூடுதோம்."

"மூடுதியளா? எதுக்கு?"

"அம்புட்டு எடமும் சும்மால்லா கெடக்கு. விடிஞ்சா அடைஞ்சா லாரி லாரியா கல்லு. முக்காவாசி மூடியாச்சு. பாக்கணும்னா இப்பவே பாத்துக்கோ. அடுத்த வருசம் வந்தியன்னா வரப்பு வெட்டி நெல்லு நட்டிருப்போம்."

நான் அன்று இரவு தூங்கவில்லை. பார்ப்பதற்குள் கடல் தீர்ந்துபோய்விடுமே என்று பயம். காலையில் அப்பாவிடம் போய் அழுதேன். அப்பா கலப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "அவன் பேச்சக் கேட்டா ஒங்க ஆத்தாளும் ஏமாந்து போயிருவா, நீ எம்மாத்திரம்" என்றார். சித்தப்பா என் தலையில் கை வைத்து, அடுத்த தடவை வரும்போது நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று சத்தியம் செய்தார்.

அடுத்த தடவை வந்தபோது அவர் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து நாள்கூட இருக்கவில்லை.

எலும்பு பொறுக்கிய அன்றே கலயத்தை ஆற்றில் விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்பா சம்மதிக்கவில்லை. "அவன் கடல்ல வேல பாத்தவன். கடல்லதான் விடணும்" என்று சொல்லி, கலயத்தை வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்துக் கிளையில் கட்டினார். அந்த வாரம் களையெடுப்பு என்றார். அடுத்த வாரம் மாட்டுக்குச் சுகமில்லை என்றார். கடைசியில் அத்தை வந்து முற்றத்தில் நின்று சத்தம் போட்டாள்.

"ஏலே, செத்தவனக் கெளையில தொங்கவிட்டுட்டு என்னத்தலே பாத்துக்கிட்டு இருக்க? அவன் என்ன தூக்கணாங்குருவியா?"

அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து கலயத்தை அவிழ்த்தார். என்னையும் கிளம்பச் சொன்னார். அத்தை மறுபடியும் சத்தம் போட்டாள். பொட்டப் பிள்ளையை இதுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போவார்களா என்றாள்.

"அவன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாம்லா. சொன்ன சொல்லு இருக்கு. வரட்டும்" என்றார் அப்பா.

பஸ்ஸில் அப்பா கலயத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் வந்து, "என்ன அண்ணாச்சி, மடியில தயிரா? சிந்திராம பாத்துக்கிடுங்க" என்றார்.

"தம்பி" என்றார் அப்பா.

கண்டக்டருக்கு முதலில் விளங்கவில்லை. துணியின் மஞ்சளையும் அப்பாவின் தாடியையும் பார்த்தபிறகு விளங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டு, அப்பாவை அங்கே உட்காரச் சொன்னார்.

தூத்துக்குடியில் இறங்கி ஒரு குதிரைவண்டி பிடித்தோம். கடைத்தெரு முடிந்து, உப்பளங்கள் வந்து, அதுவும் முடிந்தது. காற்றில் ஒரு வாடை வந்தது. சித்தப்பாவின் சட்டை வாடை. புதுத் துறைமுகத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குடியிருப்புக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. "இதுக்கு மேல குதிர நீந்தாது" என்றார் வண்டிக்காரர்.

ஒரு மணல்மேட்டில் ஏறினோம். ஏறியதும் நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

கடல் கீழே இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆறு கீழேதானே இருக்கிறது. ஆனால் அது எங்களைவிட உயரத்தில் நின்றது. நீலமாக ஒரு சுவரை வானத்தில் சாய்த்து வைத்ததுபோல நின்றது. அக்கரை இல்லை. எங்கே தேடினாலும் அக்கரை இல்லை. இவ்வளவு தண்ணீரும் அவ்வளவு உயரத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஏன் நம் தலையில் கொட்டவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

"யப்பா, கொட்டிராதா?" என்றேன்.

"கொட்டாது."

"யாரு பிடிச்சிருக்கா?"

அப்பாவுக்கும் அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரியாது. அவரும் வாயைத் திறந்தபடிதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெற்கே திரும்பினேன். கரையிலிருந்து கருங்கல்லாலேயே ஒரு சாலை கடலுக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. கண் எட்டுகிற தூரத்தில் அதன்மேல் லாரிகள் எறும்புபோல ஊர்ந்தன. ஒரு எறும்பு கடைசியில் போய் நின்று, முதுகை உயர்த்தியது. கல் விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பூ பூத்து மறைந்தது. சத்தம் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது. சித்தப்பா சொன்னது பொய்யில்லை. நிஜமாகவே கடலை மூடுகிறார்கள்! ஆனால் முக்கால்வாசி என்று சொன்னாரே. தன்மேல் யாரோ கல் போடுகிறார்கள் என்பதே இந்தக் கடலுக்குத் தெரியாது போலிருந்தது.

அப்பா முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். கலயத்தை மெதுவாகத் தண்ணீரில் வைத்தார். அது ஆடிக்கொண்டு மிதந்தது. அப்பா திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "திரும்பிப் பாக்கப்பிடாது, என்ன?" என்று சொல்லி நடந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

கலயம் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. ஒரு அலை அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு அலை வாங்கிக் கரையில் வைத்தது. மஞ்சள் துணி நனைந்து பளபளவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சித்தப்பா விளையாடுகிறார் என்று நினைத்தேன். பார்த்ததைச் சொன்னால் அடி விழும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். "ஏ அண்ணாச்சி! ஒங்க சாமான் ஒங்களத் தேடி வருது பாருங்க!" என்று கத்தினாள்.

அப்பா ஓடினார். கலயத்தைத் தூக்கித் துடைத்தார். இந்த முறை தொடை அளவுக்குப் போய் விட்டார். அது அவருக்கு முன்னால் கரைக்கு வந்துவிட்டது. மறுபடியும் எடுத்துக்கொண்டு இடுப்பளவுக்குப் போனார். அங்கே ஒரு அலை வந்து அப்பாவின் முகத்தில் அறைந்தது. எங்கள் ஆற்றில் வெள்ளம் வரும்போது கரைக்குக் கரை நீந்துகிறவர் என் அப்பா. அவர் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு, கலயத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார்.

அந்தப் பெண்ணின் புருசன் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"ஏரல் பக்கம்."

"அதான பாத்தேன். ஆத்துக்காரவிய. இது குடுத்த ஒடனே வாங்கிட்டுப் போறதுக்கு ஆறா அண்ணாச்சி? இப்ப தண்ணி ஏறுது. காத்தும் கரையப் பாத்து அடிக்கி. நீங்க ஒரு ஆனையவே கொண்டாந்து விட்டாலும் திருப்பிக் கொண்டாந்து வாசல்ல போட்டுரும்."

"பெறகு எப்பதான் போவும்?"

"மத்தியானத்துக்கு மேல தண்ணி எறங்கும். காத்தும் மாறும். அப்ப விட்டியன்னா ஒரே இழுப்பு." அவர் கலயத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரு?"

"தம்பி. அந்தக் கல்லு லாரியிலதான் வேல பாத்தான்."

அந்த மனிதர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "அதுவரைக்கும் எதுக்கு அண்ணாச்சி காத்துக் கெடக்கணும்? வாங்க, வள்ளத்துல போயி ஆழத்துல விட்டுட்டு வந்துருவோம். அர மணி நேரம்."

"வேண்டாம் வேண்டாம்" என்றார் அப்பா அவசரமாக. "ஒங்களுக்கு எதுக்குச் செரமம். தண்ணி எறங்குனப் பெறகே ஆவட்டும்."

வள்ளத்து நிழலில் கலயத்தை வைத்து, மணலைக் குவித்துச் சாயாமல் முட்டுக் கொடுத்தார். ஈரத் துண்டை அதன்மேல் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "நீ போயி வெளயாடு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சித்தப்பாவை மறந்துவிட்டேன். சுத்தமாக மறந்துவிட்டேன். அலை திரும்பிப் போகும்போது காலுக்குக் கீழே இருக்கிற மணலையும் உருவிக்கொண்டு போனது. நின்ற இடத்திலேயே நிற்கிறேன், பூமி போகிறது! நான் கத்தினேன். கண்ணாடியால் செய்த குடைபோல ஒன்று கரையில் கிடந்தது. தொடப் போனேன். "ஏளா, அது சொறி! தொட்டியன்னா ராத்திரி பூராச் சொறிஞ்சிக்கிட்டுக் கெடப்ப" என்று மீன்காரம்மா விரட்டினாள். அவளே பிறகு கூப்பிட்டு, கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். "ஒங்க அப்பா சாப்பிடுவாவளா?" என்று கேட்டாள். அப்பா தலையாட்டி வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டவுனிலிருந்து ஆட்கள் பொரிகடலையும் பிள்ளைகளுமாக வரத் தொடங்கினார்கள். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பிள்ளை தண்ணீரைப் பார்த்து அழுதது. நானே அன்று காலை பத்து மணிக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்திருந்தேன். அவளைப் பார்த்துப் பெரிய மனுசிபோலச் சிரித்தேன். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு ஓடிவந்து அப்பாவிடம் சொல்லுவேன். "அப்படியா?" என்பார். கையைக் கலயத்திலிருந்து எடுக்கமாட்டார்.

மத்தியானம் சாய்ந்தபோது அது நடந்தது. நான் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தண்ணீரைக் காணவில்லை. காலையில் அப்பா இடுப்பளவு நின்ற இடம் வெறும் ஈர மணலாகக் கிடந்தது. அதில் வானம் தெரிந்தது, பறவைகள் நடந்தன. கடல் தள்ளிப் போயிருந்தது. இன்னும் போய்க்கொண்டிருந்தது. கல் சாலையைப் பார்த்தேன். லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. சிப்பிகளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"யப்பா! யப்பா! கடல மூடிட்டாவ! தீந்து போச்சி, யப்பா! சீக்கிரம் வாங்க!"

அப்பா என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். சிரித்தார். சித்தப்பா போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப் பாவிப்பயலே, அடப் பாவிப்பயலே" என்று யாரையோ ஏசினார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கலயத்தின்மேல் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. என்னைப் பார்த்து இவ்வளவு சிரிப்பா என்று எனக்குக் கோபம் வந்தது.

மீன்பிடிக்கிறவர் வந்தார். "அண்ணாச்சி, தண்ணி நல்லா எறங்குது. காத்தும் மாறிட்டு. இப்ப விடலாம்."

அப்பா முகத்தைத் துடைத்தார். "பிள்ள வெளயாடிக்கிட்டு இருக்குல்லா. கொஞ்சம் போவட்டும்."

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. மறுபடியும் தண்ணீருக்கு ஓடினேன். வெயில் தணிந்தபோது அவர் மறுபடியும் வந்து கேட்டார். "ரெண்டு சிப்பி பொறக்கிக்கிடட்டும். இல்லன்னா வழியெல்லாம் அழுதுரும்" என்றார் அப்பா. நான் அழவில்லை. அழுகிற எண்ணமும் எனக்கு இல்லை. கால் வலித்தது. பாவாடையெல்லாம் உப்பு ஏறி உரசியது. "போதும்ப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று நானே சொன்னேன்.

"போதுமா? கல்லுக்குள்ள நண்டு இருக்காம். அதப் பாக்கலையே நீ. போயிப் பாத்துட்டு வா."

பார்த்துவிட்டு வந்தேன். "செவப்பு நண்டு பாத்தியா? அதையும் பாத்துட்டு வா" என்றார். மீன்பிடிக்கிறவர் பொறுமை இழந்து, "அண்ணாச்சி, இதுக்கு மேல தண்ணி மறுபடியும் ஏறிரும். பெறகு நாளைக்குத்தான். ஏரல் பஸ்ஸும் போயிரும்" என்றார். அவர் பெண்சாதி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே அவரை அதட்டினாள். "நீரு சும்மா கெடயும். அவிய விடும்போது விடுவாவ."

கடைசியில் அப்பா எழுந்தார். கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த நீண்ட ஈர மணலில் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். தண்ணீர் வந்தது. முழங்கால் அளவில் நின்று கலயத்தைத் தண்ணீரில் வைத்தார். வைத்தாரே தவிர கையை எடுக்கவில்லை. கலயத்தைக் கடல் இழுத்தது. அப்பாவும் கூடவே நடந்தார். தொடை, இடுப்பு, மார்பு. கரையிலிருந்து அந்த மனிதர், "போதும் அண்ணாச்சி!" என்று கத்தினார். அப்போதுதான் கை விலகியது.

கலயம் நேராகக் கிழக்கே போனது. யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோலப் போனது. அப்பா அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யப்பா, திரும்பிப் பாக்கப்பிடாதுன்னு சொன்னியளே?" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. "அது ஆத்துக்கு, ஏளா" என்றார்.

மஞ்சள் துணி ஒரு எலுமிச்சம்பழம் அளவு ஆனது. பிறகு ஒரு கடுகு. கல் சாலையின் முனையைத் தாண்டியது. தூரத்தில் ஒரு கப்பல் நின்றது, தெருவையே தூக்கி நிறுத்தியதுபோல. அதையும் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு மண் கலயத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

கடைசி பஸ்ஸை ஓடிப் பிடித்தோம். அப்பாவின் வேட்டி சொட்டிக்கொண்டே வந்தது. வெறும் மடியில் என்னைப் படுக்கவைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மாவும் அத்தையும் விளக்கை வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். கடல் நம்மைவிட உயரம் என்று சொன்னேன். அது போய்விட்டுத் திரும்பி வரும் என்று சொன்னேன். எல்லாவற்றையும்விடப் பெரிய விசயத்தைக் கடைசியில் சொன்னேன்.

"அந்த மாமா இப்ப விடுங்க, இப்ப விடுங்கன்னு வந்து வந்து சொல்லுதாவ. அப்பா விடவே இல்லயே! பிள்ள வெளயாடுது, பிள்ள வெளயாடுதுன்னுட்டாவ. எனக்காக அம்புட்டு நேரம் இருந்தாவ."

எதற்கும் சத்தம் போடுகிற அத்தை என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, தலையில் இருந்த மணலைத் தட்டிவிட்டாள். அம்மா செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, பின்வாசலில் இருட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

மறுநாள் தெருவில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொன்னேன். உங்க அப்பா உங்களுக்காக ஒரு நாள் பூரா வேலையை விட்டுக் காத்துக்கிடந்ததுண்டா என்று கேட்டேன். அப்பா என்மேல் வைத்திருந்த பிரியத்துக்குச் சாட்சியாக அந்த நாளைத்தான் இத்தனை வருசமும் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் போதும், போதும் என்று சொன்னது ஏன் அவர் காதில் விழவில்லை என்று அப்பா இறக்கும்வரை ஒருநாள்கூட யோசித்ததில்லை.